மடிக்கணினிக்கு ஒரு மெத்தை

முதலில் வந்தது ஒரே ஒரு கோடு. ஊதா நிறம். திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக, தலைமுடி அளவுக்கு நின்றது. ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துப்பட்டா நுனியால் துடைத்தேன். போகவில்லை. வரைந்துகொண்டிருந்த இயந்திரத்தின் மறுபக்கத்தைப் பார்ப்பதற்காக அதை மவுஸால் பிடித்துத் திருப்பினேன். ஒரு கோடு பத்தானது. பத்தும் திரை முழுக்கப் பரவி, கட்டம் போட்ட லுங்கியைக் காயப்போட்டதுபோல ஆயிற்று. பிறகு எல்லாம் அப்படியே உறைந்துவிட்டது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

அது வியாழக்கிழமை சாயங்காலம். அடுத்த புதன்கிழமை கல்கத்தாவின் நியூ டவுனில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் எனக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. நானே வடிவமைத்த ஓர் இயந்திரத்தை, என் சொந்தக் கணினியில், அவர்கள் கண்ணெதிரே திருப்பியும் பிரித்தும் காட்டி விளக்க வேண்டும். 

அப்போது நான் ஹவுராவில் ஓர் இரும்பு வார்ப்பாலையின் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். பழுப்பேறிய பழைய வரைபடங்களைக் கணினியில் திரும்ப வரைவது என் வேலை. ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் மூலையிலும் ‘வரைந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று வருடமாக அந்தக் கட்டத்தில் மேலாளரின் பெயரைத்தான் நான் எழுதிவந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதக் கற்றவள் நான். அந்த எழுத்தை இன்னொருவர் பெயர் எழுதப் பயன்படுத்துவது எனக்குத் தாங்கவில்லை. நியூ டவுன் வேலை கிடைத்தால் அந்தக் கட்டம் என்னுடையது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் என் அறை. மேசை கிடையாது. ஒரு கட்டில், ஓர் அலமாரி, சிவப்பு சிமெண்ட் தரை. கீழே வீட்டுக்கார அம்மா; இந்த ஊர் வழக்கப்படி எனக்கு அவர் மாஷிமா, சித்தி முறை. நான் படியேறும்போதெல்லாம் அவர் கதவைத் திறக்காமலேயே “கேயேச்சோ?” என்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் “ஹா மாஷிமா” என்பேன். பல நாட்கள் வேலை முடிந்தபின் நான் இன்னொரு மனிதரிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான். கணினியை அணைத்த அந்தச் சாயங்காலம், அறை திடீரென்று எவ்வளவு அமைதியாகிவிட்டது என்பது எனக்கு விநோதமாக இருந்தது. கணினியின் விசிறி எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலைத்தான் இத்தனை நாளும் துணையாக வைத்திருந்தேன் போலும்.

அது எட்டு வருடப் பழைய கணினி. ஆறு வருடத்துக்கு முன், டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் பழையதாகவே வாங்கியது. கனமானது. ஆனால் முப்பரிமாண வரைபடங்களுக்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளது. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அப்பா குளித்துவிட்டு வந்துதான் தொட்டார். அவருக்குப் பள்ளிப் புத்தகமானாலும் செய்தித்தாள் கிழிசலானாலும், எழுத்து இருந்தால் அது தரையில் கிடக்கக் கூடாது. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என் புத்தகங்கள் எப்போதும் தகரப் பெட்டிமேல், துணி விரித்து, அதன்மேல்தான் இருந்தன. கணினிக்குள் என் படிப்பு முழுவதும் இருக்கிறது என்று நான் சொல்லிவைத்தேன். அம்மா சிவப்பு வெல்வெட் துணி வாங்கி, பஞ்சு அடைத்து, அளவெடுத்து அதற்கு ஒரு மெத்தை தைத்துவிட்டாள்.

அந்த மெத்தை என்னோடு விடுதிக்கு வந்தது. மற்ற பெண்கள் கணினியை வெறுந்தரையில் வைத்துக் காலால் தள்ளுவார்கள். நான் ஒரு நாளும் வைத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கல்கத்தாவுக்கும் மெத்தை வந்தது. கட்டில்மேல் மெத்தை, மெத்தைமேல் கணினி. ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர் வழக்கப்படி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். இந்த ஊர் சரஸ்வதி பூஜை மாசி வாக்கில் வரும்போது, தெருப்பிள்ளைகள் தங்கள் புத்தகங்களை அடுக்கும் இடத்தில் மெத்தையோடு கொண்டுபோய் வைத்து எடுத்து வருவேன்.

சனிக்கிழமை காலை கணினியைத் தூக்கிக்கொண்டு சாந்தினி சந்தைக்குப் போனேன். சந்தின் உள்ளே, ஆள் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழுதுபார்க்கும் கடை. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், திதி, அதாவது அக்கா, என்று விளித்து இந்தியில் சொன்னார்.

“டிஸ்ப்ளே போயிடுச்சு திதி. மாத்திடலாம்.”

“டிஸ்ப்ளேதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“கோடு வருதுன்னீங்களே. கோடுன்னா டிஸ்ப்ளே.”

“சும்மா வெச்சிருந்தா வரல. மாடலைத் திருப்பினாத்தான் வருது. டிஸ்ப்ளே போயிருந்தா எப்பவும் வரணுமில்ல?”

அவர் அடுத்த கடைக்காரரைப் பார்த்து வங்காளத்தில், “இன்னிக்கு நமக்குப் பாடம் நடத்த இஞ்சினியர் திதி வந்திருக்காங்க” என்றார்.

“இஞ்சினியர் இல்ல, டிப்ளமோ” என்று நானும் வங்காளத்திலேயே சொன்னேன்.

அடுத்த கடைக்காரர் பலமாகச் சிரித்தார். இவர் காதைச் சொறிந்துகொண்டு, ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். அதன்பிறகு ஒழுங்காகப் பேசினார்.

“வேற ஒரு திரையில மாட்டிப் பாருங்க. அங்க கோடு வரலைன்னா டிஸ்ப்ளே. அங்கயும் வந்தா கார்டு. கார்டுன்னா சூடு. திறந்து தூசி எடுத்து, பேஸ்ட் மாத்துங்க.” கார்டின் சில்லுக்கும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தடவும் பசை அது. சின்னக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “அதுலயும் சரியாகலைன்னா கொண்டு வாங்க. சூட்டுக்காத்து அடிச்சுப் பாக்கலாம். எழுந்தா பத்து நாள் ஓடும். எழலைன்னா மொத்தமாப் படுத்துடும்.”

“நீங்களே இப்பப் பாத்துக் குடுக்க முடியாதா?”

“விட்டுட்டுப் போங்க. வியாழக்கிழமை வாங்க.”

எனக்குப் புதன்கிழமையே வேண்டும். கணினியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கல்கத்தாவில் எனக்கு உரிமையோடு திரை கேட்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. லேக் மார்க்கெட் பக்கம் திருநெல்வேலிக்கார அக்கா ஒருத்தி கணவரோடு நடத்தும் டிபன் கடை. ஞாயிறுதோறும் அங்கே போய் இரண்டு இட்லியை முக்கால் மணி நேரம் சாப்பிடுவேன். சுவரில் பெரிய டிவி. மூன்று மணிக்குக் கூட்டமிருக்காது. அந்த நேரம் பார்த்துப் போனேன்.

“என்னட்டி, சனிக்கிழமையே வந்துட்ட? பொட்டியும் கையுமா? இங்கன ஆபீஸ் போடப் போறியா?”

“அக்கா, உங்க டிவியில இதை அஞ்சு நிமிஷம் மாட்டிப் பாக்கணும்.”

“சீரியல் ஓடுதே. அவியளுக்குச் சீரியல் இல்லன்னா வடை கருகிரும்.”

“நானா பாக்கேன்?” என்று அடுப்படியிலிருந்து அவள் கணவரின் குரல் வந்தது. “எண்ணெய் காயுதது தெரியாம நிக்கது நீ!”

அக்கா சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கேபிளை மாட்டினேன். சீரியலில் அழுதுகொண்டிருந்த பெண் மறைந்து, அங்கே என் இயந்திரம் வந்து நின்றது. அதை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு போல்ட்டும் உள்ளங்கை அகலம். காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “இதென்னம்மா, கரும்பு மிஷினா?” என்றார்.

“செங்கல் அறுக்கிற மிஷின் சார். நின்னுக்கிட்டே அறுக்கலாம்.”

சொல்லிக்கொண்டே திருப்பினேன். டிவி முழுக்க ஊதாக் கோடுகள் பாய்ந்தன.

“ஏட்டி! என் டிவிய என்ன பண்ணுன?”

கேபிளைப் பிடுங்கினேன். அழுதுகொண்டிருந்த பெண் அதே இடத்தில் அழுதுகொண்டு திரும்ப வந்தாள். அக்கா நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. திரை நன்றாக இருக்கிறது. கெட்டது கார்டு.

“எதுக்கு இந்தப் பழசக் கட்டிக்கிட்டு அழுத?” என்றாள் அக்கா காபியை வைத்தபடி. “உங்கப்பா செங்கல் முதலாளிதான? முதலாளி மவ, ஒரு போன் போடு. புதுசா வாங்கி அனுப்பட்டும்.”

“பாக்கலாம்க்கா.”

இங்கே வந்த முதல் மாதம், அப்பா என்ன செய்கிறார் என்று அவள் கேட்டபோது, செங்கல் பிசினஸ் என்று சொல்லியிருந்தேன். முழுப் பொய் இல்லை. அப்பாவும் அம்மாவும் திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளில் செங்கல் அறுத்தவர்கள். இன்னும் அறுக்கிறவர்கள். குனிந்த இடுப்பு நிமிராமல் மண்ணை அச்சில் அடித்து அடித்து வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும். நான் வரைந்த இயந்திரத்துக்குப் பிறப்பு அங்கேதான். ஆனால் அதை நான் எந்த ஊரிலும் யாரிடமும் சொன்னதில்லை. விடுதியில், ஹவுராவில், இந்தக் கடையில், எல்லா இடத்திலும் நான் செங்கல் பிசினஸ் வீட்டுப் பெண். ஒரு பொய்யை உட்காரவைத்துவிட்டால் அதற்குப் பக்கத்தில் வேறு யாரையும் நெருங்கவிட முடிவதில்லை. அதனால்தான் இரண்டு இட்லியோடு எழுந்து வந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டில்மேல் செய்தித்தாள் விரித்தேன். வார்ப்பாலையில் கேட்டு வாங்கிவந்திருந்த சின்னத் திருப்புளிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு தாளில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே தாளில் வைத்தேன். பேட்டரியைக் கழற்றினேன். அடி மூடியைத் தூக்கினேன். விசிறியும் அதன் வாயில் சீப்புப் பற்கள்போல நெருங்கி நிற்கும் செம்புத் தகடுகளும் தெரிந்தன. உள்ளே இழுத்த காற்று அந்தப் பற்களின் வழியாகத்தான் சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டும்.

பற்களுக்கு இடையே காற்றுப் போக வழியே இல்லை. கெட்டியாக ஒரு கம்பளிபோல ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் ஓரத்தைத் தூக்கினேன். முழுதாக, ஒரே துண்டாக வந்தது.

சிவப்பு.

தூசி சாம்பல் நிறத்தில் அல்லவா இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெல்வெட் இழைகள். நடுநடுவே வெள்ளைப் பஞ்சு. குங்குமப் பொடி. விசிறியின் இதழ்களில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கழற்றி வைத்த அடி மூடியைத் திருப்பிப் பார்த்தேன். விசிறி காற்றை இழுக்கும் துளைகள் அங்கேதான் இருந்தன, வரிசையாக, மெத்தையில் நேராகப் பதிந்து உட்காரும் இடத்தில். ஆறு வருடம் நான் அதன் மூக்கையும் வாயையும் மெத்தையில் அழுத்திவைத்து, துணையென்று கேட்டுக்கொண்டிருந்த அந்த இரைச்சல், அது மூச்சுக்குத் திணறிய சத்தம்.

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள் நான். குளிர்காற்றுப் பாதையைப் பற்றிப் பரீட்சையில் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். காலால் தள்ளிய பெண்களின் கணினிகளெல்லாம் எங்கேயோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சிவப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். கோபமா வெட்கமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பிறகு வேலையைப் பார்த்தேன். விசிறியை மெல்லிய பிரஷால் துடைத்தேன். பழைய பசை, காய்ந்த சுண்ணாம்புபோல உதிர்ந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சில்லை வழித்தெடுத்து, புதுப் பசையை அரிசியளவு வைத்து, தகட்டை இறுக்கினேன். எல்லாம் பூட்டி முடித்தபோது ஓர் ஆணி மீந்திருந்தது. எந்த இடத்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

கணினியைத் திரும்ப மெத்தைமேல் வைக்க முடியாது. தரையில் வைக்கவும் கை வரவில்லை. கடைசியில் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளைத் தரையில் வைத்து, அதன் பின்பக்கத்தை அவற்றின்மேல் ஏற்றினேன். பொத்தானை அழுத்தியதும், வழக்கம்போல விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இயங்கியது. இரைச்சலே இல்லை. மாடலைத் திருப்பினேன், கோடில்லை. பிரித்தேன், சேர்த்தேன், கோடில்லை. பத்து நிமிடம். இருபது நிமிடம். எழுந்துபோய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. படியிறங்கினேன்.

“கேயேச்சோ?” என்றார் மாஷிமா உள்ளேயிருந்து.

அந்தச் சின்ன வார்த்தைக்குப் பதிலாக என்னவெல்லாமோ சொல்ல வாய் வந்தது. “ஹா மாஷிமா” என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். திரையில் ஊதாக் கோடு காத்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருடச் சூட்டில் கார்டு உள்ளேயே கெட்டிருக்கிறது. இனி தூசி எடுத்துப் பயனில்லை. திங்கட்கிழமை, ஹவுராவிலிருந்து பஸ்ஸில் திரும்பும் வழியில் சாந்தினியில் இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சூட்டுக்காற்று அடித்தால் எழலாம். எழாமல் போனால் புதன்கிழமை கையில் ஒன்றுமில்லை. நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

அறைக்கு வந்து, கணினி தொடங்கும் முன்பு வரும் நீலத் திரையின் அமைப்புகளை வரி வரியாகப் படித்தேன். கிராபிக்ஸ் என்ற இடத்தில் ‘தனிக் கார்டு மட்டும்’ என்று இருந்தது. மாடல் வேகமாகத் திரும்பட்டும் என்று என்றோ நானே வைத்தது. அதை மாற்றி, படம் காட்டும் வேலையைக் கார்டிடமிருந்து பிடுங்கிப் பிராசஸரிடமே கொடுத்தேன். கோடு போயிற்று. ஒரு மணி நேரம் பார்த்தேன், வரவில்லை. ஆனால் மாடல் நொண்டியது. திருப்பினால் நின்று, யோசித்து, அப்புறம் திரும்பியது. செவ்வாய்க்கிழமை முழுக்க அதன் பாரத்தைக் குறைத்தேன். வண்ணத்தை எடுத்தேன், நிழலை எடுத்தேன், போல்ட்டுகளை மறைத்தேன். கடைசியில் கோட்டுருவம் மட்டும் மிஞ்சியது.

புதன்கிழமை நியூ டவுனில், கண்ணாடிச் சுவர் அறையில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கணினியைத் திறந்து, பையிலிருந்து இரண்டு பாட்டில் மூடிகளை எடுத்து அதன் கீழே வைத்தேன். இருவரும் மூடிகளைப் பார்த்தார்கள். மாடல் திக்கித் திக்கித் திரும்பியது.

“வண்ணத்தோடு காட்ட முடியாதா?” என்றார் அந்தப் பெண் ஆங்கிலத்தில்.

ஏதாவது கதை சொல்லிவிடலாம். கோட்டுருவத்தில்தான் பாகங்கள் தெளிவாகத் தெரியும் என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். நாக்கில் அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது.

“கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டது. என் தவறுதான்” என்றேன். எப்படிக் கண்டுபிடித்தேன், எதை மாற்றினேன், எதனால் கார்டை நிறுத்திவைத்தேன் என்று சொன்னேன். மெத்தையைப் பற்றிக் கேட்டபோது அதையும் சொன்னேன். அந்த ஆண் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டு, திரையைக் காட்டிக் கேட்டார்.

“அச்சு மேடைக்கு ஏன் இந்த உயரம்? எந்தக் கையேட்டில் எடுத்தீர்கள்?”

“கையேடு இல்லை. அது என் அம்மாவின் இடுப்பு உயரம். அவர் சூளையில் செங்கல் அறுக்கிறார். அப்பாவும்தான்.”

சொன்னதும் காது சூடானது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, நெம்புகோலின் தேய்மானத்தைப் பற்றி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேரலாம். வார்ப்பாலையின் வெளியே, வேலி ஓரம் நின்று ஒருமுறை நன்றி சொன்னேன், கேட்டதா என்று தெரியாமல் இன்னொருமுறையும் சொன்னேன். உள்ளே போய்ச் சொல்ல யாரும் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். வேலை கிடைத்ததைக் கேட்டு, “சரிம்மா, சரிம்மா” என்று நாலைந்து தடவை சொன்னார். அப்புறம் எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

“பொட்டி நல்லா இருக்குதா? மெத்தை மேலதானே வெக்கிற?”

“இல்லப்பா. தரையில.”

“தரையிலயா?”

“கீழ காத்துப் போற ஓட்டை இருக்குதுப்பா. மெத்தை அதை அடைச்சிருச்சு. உள்ள சூடாகி ஒரு பாகம் கருகிப்போச்சு. இத்தினி நாளும் எனக்கே தெரியல.”

திட்டுவார் என்று நினைத்தேன்.

“சூளையில கல்லு அடுக்குறப்ப சந்து வுடாம அடுக்குவாங்களா?” என்றார். “நெருக்கி அடுக்குனா நடுக்கல்லு உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சூளையிலயே வளந்தவ, இது தெரியாதா உனக்கு? உள்ள சூடாவும்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, அது அனல் பொட்டி, அடியில சந்து வுடுன்னு அன்னிக்கே சொல்லியிருப்பனே.”

ஆறு வருடத்தில் அந்தக் கணினியைப் பற்றி நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவருக்கு என்ன தெரியும் என்றுதான் இருந்துவிட்டேன்.

“உங்க அம்மாகிட்ட சொல்லாத” என்று குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு நாளு குந்திக்கினு தெச்சா.”

“என்னாத்த எங்கிட்ட சொல்லக் கூடாதாம்?” என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். சொன்னேன்.

“பொட்டிக்கு வேணான்னா போவுது. நீ குந்திக்க அதுல. தரை சில்லுனு இருக்குமில்ல?”

டிபன் கடை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு நான் முதலாளி மகள்தான். ஞாயிறு வரும்போதெல்லாம் இன்று சொல்லிவிடலாம் என்று போகிறேன்.

கணினி அதே கெட்ட கார்டோடுதான் ஓடுகிறது. சாயங்காலம் வந்து அதைத் தரையில், பாட்டில் மூடிகள்மேல் வைத்து, எதிரே உட்காருகிறேன். சரஸ்வதியின் இருக்கையில் எப்படி உட்காருவது என்று முதல் இரண்டு நாள் மெத்தையைச் சுவரோரம் சாத்திவைத்திருந்தேன். மூன்றாம் நாள் மழை பெய்து தரை ஜில்லிட்டது. எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அது கொஞ்சம் சின்னது. விசிறி இப்போது சத்தம் போடுவதில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும் ரயில்களின் சத்தம் மட்டும் கேட்கிறது.